படிக்கட்டு ஜன்னலும் செக்‌ஷன் சாரும்

சட்டத்துக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தை ஏமாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். சட்டத்துக்கு மாப்பிள்ளை மரியாதை செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் முகப்பேரில் எங்கள் பிளாக்கின் கீழ் வீட்டில் குடியிருந்தார் என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. எதற்கும் சட்டத்தில் ஒரு செக்‌ஷன் சொல்வதால் எங்களுக்கு அவர் 'செக்‌ஷன் சார்'; நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவியே, "செக்‌ஷன் கோர்ட்டுக்குப் போயிருக்கு, சாயந்தரம் வாங்க" என்றுதான் வந்தவர்களிடம் சொல்வார்.

எதற்கெடுத்தாலும் நோட்டீஸ். வாசலில் சாணி போட்ட மாட்டின் சொந்தக்காரர் நோட்டீஸை வாங்க மறுத்தபோது, "வாங்கலைன்னா ஒட்டிடலாம், சட்டம் இடம் குடுக்குது" என்று பசை தடவி மாட்டின் முதுகிலேயே ஒட்டினார். மாடு வாய்தா எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமே பக்கத்து பிளாக்குக்கு ஜாகை மாற்றிக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். காற்றில் இரண்டாவது மாடிப் படிக்கட்டு ஜன்னல் படாரென்று அடித்துக் கண்ணாடி உடைந்தது. பாதி விழுந்து நொறுங்கியது. மீதிப் பாதி மரச்சட்டத்தில் ஆடிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் அடி பம்பு. நாள் முழுக்க அங்கே நின்று பிளாக்குக்கே கூலிக்குத் தண்ணீர் அடித்துத் தூக்கியவள் புஷ்பா.

அந்தக் கண்ணாடியை எடுக்க வேண்டியது யார்? குடியிருப்போர் சங்கத் தலைவர், "ரெண்டாவது மாடி ஜன்னல், ரெண்டாவது மாடிக்காரங்க பொறுப்பு" என்றார். அந்த மாடிக்காரன் நான். "நான் வாடகைக்கு இருக்கேன் சார், ஓனரைக் கேளுங்க" என்றேன். ஓனரோ, "படிக்கட்டு பொதுவாச்சே, சங்கம்தான் பார்க்கணும்" என்று போனை வைத்துவிட்டார். ஏணியோடு ஓர் ஆள் வந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் ஆளைக் கூப்பிட்டவன் பொறுப்பை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவானே! மூன்று பேரும் கப்சிப்.

புஷ்பா நேராகச் சாரிடம் போய் நின்றாள்.

"இன்னா சாரே, அது என் தலைல வுழுந்தா நான் எந்த செக்‌ஷன்ல அழுவுறது?"

சார் அண்ணாந்து பார்த்தார். "ஜன்னல் சங்கத்தோட சொத்தும்மா. அனுமதி இல்லாம நான் கை வெச்சா அத்துமீறல் ஆயிடும்."

"அப்போ பம்ப வுட்டுட்டுப் போவவா? என் ஊட்ல அடுப்பு எரியறதே இதாலதான் சார்."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். சற்று நேரத்தில் அவருடைய தேக்குக் கட்டில் வெளியே வந்தது. "அய்யோ, எங்கப்பா குடுத்த கட்டில்ங்க அது!" என்று பின்னாலேயே மனைவியும் வந்தார். தண்ணீருக்கு நின்ற பெண்கள் கைகொடுக்க, ரோட்டோரம் கிடந்த நான்கு தார் டிரம்களை நிறுத்தி, பம்புக்கு மேல் கட்டிலைக் கூரையாக ஏற்றிவிட்டார்.

"ஜன்னல் சங்கத்துது. கட்டில் என்னுது. இனிமே எவனும் கேஸ் போட முடியாது."

கையில் காபியோடு மாடியிலிருந்து இதை வேடிக்கை பார்த்த நான், "என்ன சார், பம்புக்கு சாந்தி முகூர்த்தமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, பொறுப்பு யாருதுன்னு நிதானமா சண்டை போட்டுக்கலாம். அதுவரைக்கும் ஆளு உசுரோட இருக்கணும். ஆபத்தைப் பார்த்தவன் சும்மா இருந்தா அதுவும் குத்தம்."

"அது எந்த செக்‌ஷன் சார்?"

"தேடிச் சொல்றேன்."

புஷ்பா கட்டிலுக்கடியில் குனிந்து நின்று தண்ணீர் அடித்தாள். சாரும் மனைவியும் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் சங்கக் கூட்டம். பொறுப்பு யாருடையது என்று நானும் தலைவரும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது ஒரு காற்று வந்தது. கண்ணாடி மொத்தமாகக் கழன்று கட்டில் மேல் விழுந்து தூள் தூளானது.

பம்புச் சத்தம் நின்றுவிட்டது. சார் மட்டும் ஓடிப்போய் மண்டியிட்டு, "புஷ்பா! ஏ புஷ்பா!" என்று கூப்பிட்டார்.

"கீறேன் சார்," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "ஒண்ணும் ஆவல. கொடம்தான் ரொம்பி வழிஞ்சி போச்சி."

சார் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் அம்பத்தூருக்குப் போய்க் கண்ணாடி போடுகிறவரை நானே கூட்டி வந்தேன். தலைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். யார் பொறுப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பின்னாளில் வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "பொதுப் படிக்கட்டுன்னா சங்கம்தான் பொறுப்பு. பார்த்தவன் கட்டில் போடணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லைப்பா" என்று சிரித்தார். சாரிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த செக்‌ஷனை எங்கேயோ படிச்சிருக்கேன் தம்பி, கிடைச்சிடும்" என்பார். "கிடைச்சிடும் சார்" என்பேன் நானும். அப்படி ஒரு செக்‌ஷன் இல்லையென்றால் குறை சட்டத்தில்தான், எங்கள் சாரிடம் இல்லை.