மச்சான் படகில் தொங்கும் விண்கல்

மாதா துணை

நீடாமங்கலம்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகும் ஐஸ் வியாபாரமுமாக இருக்கும் பெரிய மச்சான் ஜோசப்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை விண்ணரசியின் கணவன் மிக்கேல்ராஜ் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் தங்கை நலம், உளுந்து பூ வைத்திருக்கிறது, கறவை மாடு மட்டும் என்னை உதைக்கிறது. அங்கு நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் புதுப் படகும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் உங்களுக்காக ஒரு மணி கூடுதலாகத் தள்ளுகிறேன். மரியாதை இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் கல் என்ற சொல்லை எடுத்ததுமே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. நடுக்கடலில் இருந்தால் சரி என்று விட்டுவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னால் கோவில் மணி அடித்தது எனக்குக் கேட்டது மச்சான். வங்காள விரிகுடாவில் எனக்குத் தெரிந்து கோவில் கிடையாது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், நீங்கள் பாதியில் துண்டிக்கவும் முடியாது என்பதால் எழுதுகிறேன். அந்த பாட்டிலையும் அதற்குள் இருக்கும் கல்லையும் நீங்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான், அதுவும் உங்கள் தங்கை சொன்ன பாதி.

தவக்காலம் தொடங்கிய வாரம், பகல் சாப்பாடு முடிந்து நான் வயலில் உளுந்துக்குள் மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டு நின்றபோது வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து கோவில் திருவிழா வெடி போல மூன்று முழக்கம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவோ உய்யென்று வந்து எங்கள் மோட்டார் கொட்டகைத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் அடித்து உடைந்தது. போய்ப் பார்த்தால் தேங்காய் அளவு கறுப்புக் கல் ஒன்று கிடந்தது. வெளியே பொரித்த வடை மாதிரி கருகலாகவும் உடைந்த இடத்தில் அடுப்புக்கரி மாதிரியும் இருந்தது. மச்சான், நம் ஊர் மண்ணில் கல் கிடையாது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும். இங்கே ஒரு கல் கிடந்தால் அதை யாரோ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். நான் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்தே காலத்தைக் கழித்தவன். எங்கெங்கோ போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேனே தவிர நான் மதுரையைத் தாண்டியது இல்லை. அப்படிப்பட்டவன் வயலுக்கு டிக்கெட் இல்லாமல் இவ்வளவு தூரம் ஒரு பயணி வந்து இறங்கினால் சும்மா விட மனசு வருமா? துண்டில் சுற்றி மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் கல்லிலிருந்து ஒரு வாசனை அடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. துண்டில் ஏறி, சட்டையில் ஏறி, நான் வாசலில் கால் வைக்கும்போது என்னைவிட அது முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது. வேளாங்கண்ணியில் முட்டி போட்டு நான் குடியை விட்டது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் கூட இருந்தீர்கள். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வந்து மூக்கைச் சுருக்கி, தவக்காலத்திலேயா என்று மட்டும் கேட்டாள். நான் இல்லை இல்லை, வானத்திலிருந்து வந்தது என்றேன். முன்பெல்லாம் குடித்துவிட்டு வந்த நாட்களிலும் நான் ஏறக்குறைய இப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பதால் அது எடுபடவில்லை. கல்லை நீட்டி மோந்து பார் என்றேன். மோந்தாள். நான் கல்லின் மேல் சாராயத்தை ஊற்றிவிட்டுக் கதை கட்டுகிறேன் என்று முடிவு செய்து, என்னைக் குளிக்கத் துரத்திவிட்டு, கல்லைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு அந்த வாசனை போகிறவரை தேய்த்துக் கழுவி, பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்துவிட்டாள். பல கோடி மைல் கடந்து வந்த கல், மச்சான், ரசச் சட்டிக்கும் டம்ளருக்கும் நடுவில் வடிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் உங்கள் தங்கையிடம் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு, மாடு, கரண்டு பில் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மறுநாள் டிவியில் செய்தி வந்த பிறகுதான் அவள் நம்பினாள். நம்பியதும் இன்னும் ஆபத்தாகிவிட்டது. விண்ணிலிருந்து வந்தது என்றால் அது விண்ணரசி மாதாவுக்குத்தான் சொந்தம் என்று மாதா படத்தடியில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். மெழுகு ஒழுகிக் கல்லில் ஊறியது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தடவினாள். பக்கத்து வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் துரைக்கண்ணு வந்தார். ஆகாயத்திலிருந்து இறங்கியது எந்த சாமியாக இருந்தாலும் பட்டினி போடக் கூடாது என்று சொம்புப் பாலை ஊற்றினார். அவர் சம்சாரம் ஈஸ்வரி குங்குமம் வைத்தது. பங்குச் சாமியார் எவ்வளவோ தயங்கினார். இதெல்லாம் திருச்சபையில் இல்லை என்றார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு பொதுவாக வீட்டுக்கு என்று சொல்லித் தீர்த்தம் தெளித்தார், அதில் பெரும்பங்கு கல்லில் விழுந்தது. இவர்கள் ஒவ்வொருவரும் செய்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. நான் மட்டும்தான் அதற்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வந்தவர்கள் எல்லோர் கையிலும் கொடுத்து, எடை பாருங்கள், மோந்து பாருங்கள் என்று காட்டினேன், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள். தொட்டியில் அடித்தபோது கல் இரண்டாக உடைந்து, சின்னத் துண்டு உளுந்துச் செடிக்குள் உருண்டுபோயிருந்தது. அதை உங்கள் தங்கைதான் கண்டுபிடித்தாள். வாசனை பிடிக்காததால் கையால் தொடாமல், வெந்நீரில் கழுவிய இடுக்கியால் தூக்கி, புது ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தாள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, புதுப் படகுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கேட்டீர்கள். அவள் உள்ளே போய் பாட்டிலை எடுத்துவந்து துணியில் சுற்றி உங்கள் கையில் கொடுத்தாள். நானும் சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு விவரம் தெரியாது மச்சான். இப்போது தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் வடக்கே ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து மேகலா என்று ஒரு பெண் வந்தது. விண்கல் ஆராய்ச்சிதான் அதன் வேலை, கும்பகோணத்துப் பெண். உங்கள் தங்கை அன்று தஞ்சாவூரில் மகள் சான்ட்ரா வீட்டுக்குப் போயிருந்தாள். மேகலா கையுறை மாட்டிக்கொண்டு, பூட்டு வைத்த எஃகுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டது.

"ஐயா, இதை யாராவது தொட்டாங்களா?"

நான் யார் யார் தொட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். மெழுகு வரைக்கும் நின்றுகொண்டே கேட்டது. பாலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தது. சோப்பு என்றதும் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது. நான் மோர் கொடுத்தேன். பிறகு அது சொன்னதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

விண்கற்களில் பல வகையாம். செவ்வாய்க் கோளில் எதுவோ மோதித் தெறித்து, பல லட்சம் வருஷம் வெளியில் சுற்றிவிட்டு இங்கே விழுந்த கற்கள் உண்டாம். அதன் உள்ளே கண்ணாடிக் குமிழியில் அகப்பட்ட காற்றும், அங்கே போன விண்கலங்கள் அளந்து அனுப்பிய காற்றின் கணக்கும் ஒத்துப்போனதால் ஊர் எது என்று கண்டுபிடித்தார்களாம். நம் கல் அந்த வகை இல்லை. அதைவிடப் பழையது. பூமியும் செவ்வாயும் எந்தச் சாமான்களால் உருண்டு சேர்ந்தனவோ, அந்தச் சாமானில் எந்தக் கோளிலும் சேராமல் மிச்சமானது. அதற்குள் தண்ணீர் பட்டு உண்டான களிமண் இருக்கிறதாம். வானத்தில் களிமண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்றது. நம் வயல் மண்ணுக்கு முந்தின களிமண், காவிரிக்கு முந்தின களிமண், பூமிக்கே முந்தின களிமண். அப்படியானால் அங்கே உயிர் இருக்கிறதா, இதைப் பார்த்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"உயிர் இருக்குன்னு இந்தக் கல்லு சொல்லாதுங்கய்யா. உயிருக்கு வேண்டிய சாமான் பூமிக்கு வெளியிலயும் தானா உண்டாச்சான்னு சொல்லும். அங்க உண்டாகும்னா, மத்த இடத்துலயும் தேடலாம்ல."

அந்தச் சாமானுக்கு இடது கை வகை, வலது கை வகை என்று இரண்டு உண்டாம். பூமியில் மாடு, மனுசன், உளுந்து எல்லாவற்றின் உடம்பிலும் இருக்கும் புரதத் துணுக்குகள் இடது கை வகையாம். வானத்தில் தானாக உண்டானதில் இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதி இருக்குமாம். அதை வைத்துத்தான் இது ஊர்ச் சரக்கா, வெளிச் சரக்கா என்று பிரிப்பார்களாம். நம் வேர்வையும் துரைக்கண்ணுவின் பாலும் இடது கை. அது பொடிப்பொடித் துளையுள்ள கல், எல்லாவற்றையும் குடித்துவிட்டது. பாலைக் கழித்துவிட்டுப் பார்க்க முடியாதா என்று கேட்டேன்.

"பால் இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாங்கய்யா. பால் ஊத்துறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்றதுதான் கஷ்டம்."

கல்லின் வயதையும் களிமண்ணையும் இதிலேயே பார்த்துவிடலாம், ஆனால் உயிர்ச் சாமான் பற்றிய கேள்விக்குக் கை படாத துண்டு ஒன்று வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும் என்று சொல்லிவிட்டுப் பெரிய கல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. இந்த மாதிரி கல் அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது என்றும் சொன்னது. அப்போதுதான் எனக்கு இடுக்கியும் பாட்டிலும் நினைவுக்கு வந்தன. கை படாத கல் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் அந்தப் பெண் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கே என்று கேட்டது. கடலில் என்றேன்.

மச்சான், உங்களை நான் கேலி செய்யவில்லை. சுனாமியில் நீங்கள் படகை இழந்து, வலைத் துண்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மறுபடி ஒரு படகு கட்டிக் கடலுக்குள் போகிற மனுசனுக்குக் கைப்பிடியாக ஏதாவது வேண்டும். அந்த பாட்டில் ஸ்டியரிங் அறையில் தொங்க ஆரம்பித்ததிலிருந்து வலை நிறைந்து வருவதாகச் சொல்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்தக் கல் பூமியை விட மூத்தது. அதைக் கொடுவா மீனுக்குக் காவலாகத் தொங்கவிட்டிருப்பது நியாயமில்லை. பதிலுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள், மாதா சுரூபம் வேண்டுமானால் நானே வேளாங்கண்ணியில் வாங்கி மந்திரித்துக் கொண்டுவருகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் மேகலாவையும் எஃகுப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் கடலுக்குப் போயிருந்தால் ஐஸ் ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன், நண்டுக் குழம்பாக இருந்தாலும். நீங்கள் கரைக்கு வந்துதானே தீர வேண்டும். பாட்டில் கைக்கு வராமல் நான் நீடாமங்கலம் திரும்பமாட்டேன். இதை என் கடைசிப் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணித் தாய் உங்கள் பிடிவாதம் ஒன்றைத் தவிர, உங்கள் உடம்பையும் படகையும் எஞ்சினையும் பிள்ளைகுட்டிகளையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நெற்றியில் என் சார்பில் சிலுவை போடவும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமும் பாசமும் உள்ள
மிக்கேல்ராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் உங்கள் தங்கை இந்தக் கடிதத்தை எடுத்து முழுதும் படித்துவிட்டாள். சோப்பு இடத்தில் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். பரண்மேல் இருந்த பழைய பிரஷர் குக்கரை இறக்கி, விசிலைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளிருந்து அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். கறுப்புத் துண்டு அப்படியே இருக்கிறது. கை படவில்லை, காற்றுகூடப் படவில்லை. உங்களுக்குக் கொடுத்தது அதே மாதிரி வேறொரு பாட்டில், உள்ளே இருப்பது அரிசி ஆலைக் கொதிகலன் அடியில் உறைந்த சாம்பல் கட்டி. எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"வர்றவங்க எல்லார் கையிலயும் எடுத்துக் குடுத்தீங்க. இதயும் குடுத்திருப்பீங்க. அண்ணனுக்குத் துணைக்கு ஒரு கல்லுதான் வேணும். எங்க இருந்து வந்த கல்லுன்னு அண்ணன் கேக்கலியே."

நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. ஆகவே மேலே உள்ள எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மச்சான். குக்கர் பாட்டிலை மேகலாவிடம் இங்கேயே கொடுத்துவிட்டு சனிக்கிழமை நான் தனியாக வருகிறேன், நண்டுக் குழம்பு இருந்தால் சாப்பிடுகிறேன். பாட்டிலை இறக்க வேண்டாம். வலை எதனால் நிறைகிறது என்று எனக்கும் இப்போது விளங்கவில்லை. இது மேகலா காதுக்குப் போனால் அந்தச் சாம்பல் கட்டியிலும் ஒரு துண்டு கேட்கும். கொடுத்துவிடாதீர்கள்.