மரபுச் சின்னமாகிய பொரியல் கொட்டில்

பனிநாட்டுப் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் நிற்கிறது. 1994இல், யாரோ எறிந்த பலகைகளையும் கூரைக்கு ஒரு நீலத் தறப்பாளையும் வைத்து அவரே கட்டியது. மீன் பொரித்த மணம் குளிர்ச்சட்டையில் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகிவிடும் அல்லவா? ஆகவே முப்பது வருடமாக அவர் மனைவி மரியரஞ்சனி பனிக்குள் நின்று பொரித்தாள். குடும்ப கௌரவம் காப்பாற்றப்பட்டது. அவளுடைய முழங்கால்கள் மட்டும் போய்விட்டன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கொட்டிலை இடித்துவிட்டு வீட்டோடு சேர்த்துச் சூடான குசினி ஒன்று கட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு எழுதினாள்.

மரபுக் கட்டடப் பிரிவிலிருந்து கரோலினா என்ற அதிகாரி வந்தார். வீட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொட்டிலைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"குடியேறியோர் கட்டடக்கலை! இதை இடிக்கவே முடியாது."

"கூரை ஒழுகுதே!" என்றாள் மரியரஞ்சனி.

"ஒழுக்கும் அசல்தானா?"

"ஓம், தொண்ணூற்றுநாலிலை இருந்து."

"அப்படியானால் அதுவும் பாதுகாக்கப்படும்."

ஆணை வந்தது. 'மேற்படி கட்டுமானம் தனது பாரம்பரியப் பயன்பாட்டிலேயே தொடர்தல் வேண்டும். வாரம் இருமுறைக்குக் குறையாமல் பொரித்தல் வேண்டும்.' பின்னாலேயே பித்தளைப் பலகையும் வந்தது. தமிழ்ச் சங்கம் ஸ்ரனிஸ்லாசுக்குப் பொன்னாடை போர்த்தியது. தூரத்துப் பேர்கன் நகரிலிருந்துகூட ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். வந்த நூற்றிருபது பேருக்கும் மரியரஞ்சனி கொட்டிலில் நின்று மீன் பொரித்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இஞ்சாருங்கோ, இனி நீங்கள் நிண்டு பொரியுங்கோ."

"எனக்கென்ன, பொரிக்கிறன். ஆனா சட்டப்படி கேட்டுச் செய்வம்."

கொட்டிலைக் கட்டியபோது ஒருவரிடமும் கேட்காத மனிதர், இப்போது முறையாக விண்ணப்பம் எழுதினார். மூன்றே நாளில் பதில்: '1994 முதல் பொரித்து வருபவர் மனைவியே. கணவர் கரண்டி பிடிப்பது வரலாற்றுத் திரிபாகும். அனுமதி மறுக்கப்படுகிறது.'

"நான் என்ன செய்ய? அரசாங்கம் விடுகுதில்லையே" என்று ஸ்ரனிஸ்லாஸ் மிகவும் மனம் வருந்தினார்.

மரியரஞ்சனி விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கும் இடத்தில் அந்தக் கடிதத்தை உரத்து வாசித்து நியாயம் கேட்டாள். பெண்கள் கொதித்தார்கள். ஆண்கள் அந்த அலுவலகத்தின் முகவரியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு கிழமைக்குள் அங்கே நாற்பத்தொரு விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் வீட்டுக் குசினியையும், அதில் நிற்பவரோடு சேர்த்து, உள்ளது உள்ளபடியே பாதுகாத்துத் தரவேண்டும்.