டக்கு நானா தூங்கிய மத்தியானம்

வாங்க வந்தவரை வாங்க விடாமல் திருப்பி அனுப்புவதில் டக்கு நானாவை மிஞ்ச இந்த மலைநாட்டிலேயே ஆள் கிடையாது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கம்ப்யூட்டர் சாமான் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். ‘டக்கு’ அவரே சம்பாதித்தது. கீபோர்டின் ஒவ்வொரு விசையையும் டக், டக்கென்று அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதற்காக ஃபேனை நிறுத்துவார். ஒருமுறை ஜன்னலைத் திறந்து, “நோட்டன், நோட்டன்” என்று கூவிக்கொண்டிருந்த கண்டக்டரையே கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னார்.

கலர் கலராக எரியும் கீபோர்டு கேட்ட ஒருவரிடம், “வெளிச்சம்தான் வேணும்னா பக்கத்துக் கடையில பல்பு இருக்கு, வாங்கிட்டுப் போங்க” என்றார்.

பேச்சுப் பதிவுகளைக் கேட்டு டைப் செய்து அனுப்பும் வேலை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. பகலெல்லாம் வேலை, சாயங்காலம் கேம். “நீல சுவிட்ச் வச்சது குடுங்க நானா” என்றேன். விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் நீலமென்றால் ஒவ்வொரு விசையும் ‘க்ளிக்’ என்று சத்தம் போடும். யூடியூபில் கேட்டு மயங்கியிருந்தேன்.

“தங்கச்சி, உங்க வீட்டுச் சுவரு கூரை வரைக்கும் போகுதா?”

கீபோர்டு கேட்டால் சுவரை விசாரிக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். இடைச்சுவர் முக்கால்வாசிதான் எழும்பியிருக்கும், அதற்கு மேல் வெறும் இடைவெளி. “போகுது” என்று பொய் சொன்னேன்.

மறுநாள் உற்சாகமாக அடிக்க ஆரம்பித்தேன். தகரத்தில் பட்டுத் தெறித்த சத்தத்தை மழையென்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுக்க மூன்று வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். அதுவரை சிரிப்புதான். நாலாம் நாள் பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா வாசலில் வந்து நின்றார். தேயிலை ஃபேக்டரியில் அவருக்கு இரவு வேலை, பகலில்தான் தூங்குவார்.

“பாப்பா, தப்பா எடுத்துக்காத. நாலு நாளா தூக்கமில்ல. நேத்து கொழுந்து அரைக்கிற ரோலர்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். கை போயிருக்கும்.”

அடிக்காவிட்டால் என் வேலை போகும், அடித்தால் மாமாவின் கை போகும். நானாவுக்கு ஃபோன் போட்டு, அழாக்குறையாகப் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பிஸ்கட் டின் நிறைய சுவிட்சுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ம்” என்றார். பழைய சுவிட்சைப் பிடுங்கிப் புதியதைச் சொருகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் மாமாவின் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

முதலில் சிவப்பு. கேமுக்கு அருமை, ஆனால் டைப் செய்யும்போது விரல் பட்டாலே எழுத்து விழுந்தது.

“முழிச்சிருக்கேன்!” என்று சுவருக்கு மேலாக நானாவின் குரல் வந்தது.

அடுத்து பிரவுன். பாதி அழுத்தத்தில் விரலுக்கு இதமாக ஒரு தட்டல் தெரிந்தது.

“இன்னும் முழிச்சிருக்கேன்!”

மூன்றாவதும் பிரவுன் மாதிரிதான், ஆனால் உள்ளே ரப்பர் வைத்துச் சத்தத்தை அடக்கியது. ஒரு பக்கம் அடித்தேன். பதில் இல்லை. “நானா?” என்றேன். குறட்டை வந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த மாமா கொட்டாவி விட்டார். “கீபோர்டு சரியாப் போச்சு பாப்பா. இப்ப நான் எங்க படுக்கிறது?”

யாரும் எழுப்பவில்லை. நாலு மணி பஸ் போனது. ஐந்து மணி பஸ்ஸும் போனது.

மாமாவின் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. இதையும் அந்தக் கீபோர்டில்தான் அடிக்கிறேன். அந்தப் பக்கம் அவர் தூங்குகிறார். நானா அவ்வப்போது ஃபோன் செய்வார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. “மாமா தூங்குறாரா?” என்பார். ஃபோனைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். குறட்டையைக் கேட்டுவிட்டுத் திருப்தியாக வைத்துவிடுவார்.

எங்கள் லயத்துச் சுவரை எத்தனையோ பேர் வந்து பார்த்து, படம் பிடித்துப் போயிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்காக அதன் உயரத்தைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், நானா. அன்று பொய் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். கேட்டதற்கு நன்றி.