கழுவித் துடைத்த தட்டு

"கீ... கீ... கீ..." என்று கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் மணி அலறியது. மூலிகை பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான்.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் மூலிகை மருந்தாய்வில் பயிற்சி ஆய்வாளனாகவே இருந்த அவனை, ஆய்வகத்தில் 'மூலிகை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தேடிப் பிடித்த இலை கிருமியைக் கொன்றால் பயிற்சி இன்னொரு வருஷம் நீளும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிருமி தடவிய தட்டின் நடுவே ஒரு சொட்டு இலைச்சாறு. சாறு வேலை செய்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் சுத்தமாகும். மற்ற இடமெல்லாம் கிருமி பாசி போலப் படரும். இந்தத் தட்டோ கழுவித் துடைத்ததுபோல மொத்தமும் பளபளத்தது.

"மேடம், வட்டத்தையே காணோம்!"

ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா! தட்டையே காலி பண்ணிடுச்சே! சாறு ரொம்பக் காட்டம் போல. தண்ணி கலந்து போட்டுப் பாருங்க."

கலந்தான். மறுநாளும் பளபளப்பு. இன்னும் கலந்தான். பேருக்குத்தான் சாறு, அதற்கும் பளபளப்பு! பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வக இயக்குநருக்கே ஃபோன் போட்டு, "நேர்ல வந்து பாருங்க சார்" என்று அழைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி, "அவ்ளோ சுத்தம் பண்ணுதுன்னா நம்ம பாத்திரத்துக்கும் ஒரு சொட்டு எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு வீரியம் ஒரு இலைக்கு எங்கிருந்து வந்தது? மனசு கேட்காமல், சாறே இல்லாமல் வெறும் தண்ணீரை ஒரு தட்டில் விட்டுப் பார்த்தான்.

பளபளப்பு.

தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று வேறு குழாயில் பிடித்தான். அதுவும் கொன்றது. கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்? அதுவும்தான்!

அந்தத் தட்டுகளை ஒளிப்பதற்குள் இயக்குநர் வந்து நின்றுவிட்டார்.

"இது எந்த இலை?"

"அது... தண்ணி சார்."

"இது?"

"அது வேற தண்ணி சார்."

"தண்ணியே கொல்லுதுன்னா அப்புறம் இலை எதுக்குய்யா?"

பேராசிரியை கூரையைப் பார்த்தார். மூலிகை தரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து அறைக் கிருமி ஆய்வு மாணவி, லீவு முடிந்து தோள்பையோடு எட்டிப் பார்த்தாள். "என்னண்ணா இவ்ளோ கூட்டம்?"

"எதை ஊத்துனாலும் கிருமி சாவுதும்மா!"

"ஆமா, நான்தான் ஊர்ல இல்லையே, உங்களுக்குக் கிருமி யார் குடுத்தா?"

"நீ வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலம்மா. உன் மேசை மேல இருந்த குப்பியை நானே எடுத்துக்கிட்டேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணா, அது குப்பைல கொட்டுறதுக்காக, லீவுக்குப் போறதுக்கு முன்னாடியே நான் ஆவியில அவிச்சுக் கொன்னு வச்ச கிருமி!"