விழுந்ததைச் சொன்னால் நாளைக்குப் பூரி

சிங்காநல்லூர், கோவை
24-7-1996

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பா அவர்களுக்கு,

ராமாமணி வணங்கி எழுதுவது. பெங்களூரில் நீங்களும் தம்பி சசிதரும் சைத்ராவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே துளசியம்மாள் இல்லத்தில் நானும், சமையல் ராசாத்தாளும், தங்கியிருக்கும் பதினான்கு பேரும் சுகம். போன மாதமும் இதே சொல்லைத்தான் எழுதினேன். அது எப்படிப்பட்ட சுகம் என்று விளக்கவே இந்தக் கடிதம்.

சசிதர் வேலை பார்க்கும் கம்பெனியில் சின்னக் காயம் பட்டாலும் உடனே மேலிடத்துக்குச் சொல்லிவிட வேண்டுமாம், ஊனமுற்றவர்கள் தங்கும் நம் இல்லத்துக்கும் அந்த ஏற்பாடு அவசியம் என்று எழுதியிருந்தீர்கள். விழுந்தவர் தம் வாயால் சொல்ல வேண்டும்; சொன்னவரைத் திட்டக் கூடாது; எதனால் விழுந்தார் என்று பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அன்று சாயந்திரமே எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டி, "இந்த மாசம் யாராச்சும் விழுந்தீங்களா?" என்று கேட்டேன். ஆளாளுக்குத் தலையை இடம் வலமாக ஆட்டினார்கள். காலில் காலிப்பர்க் கம்பி மாட்டி நடக்கும் நம் ரேடியோ ரிப்பேர்க்காரர் யூனுஸ் முழங்கையில் பெரிய கட்டோடு முன்வரிசையில் இருந்தார்.

"யூனுஸ், நீங்க?"

"இல்லீங்க்கா."

"அப்ப கையில என்ன?"

"கட்டுங்க்கா."

"கட்டுன்னு தெரியுது. எதுக்குக் கட்டு?"

"வலிச்சுதுங்க. அதுக்குத்தான்."

பக்கத்தில் இருந்த மாரப்பன், "நான் ஒண்ணையும் பாக்கலைங்க" என்று கேட்காமலே சாட்சி சொன்னார். அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு யோசித்துப் பார்த்தேன் சித்தப்பா. நம் பக்கத்து ஆட்கள் விழுந்தால் முதலில் காயத்தைப் பார்ப்பதில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் பார்க்கிறோம். பார்த்தவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அது மரியாதை. விருந்துக்குப் போன வீட்டில் ரசம் உப்புக் கரித்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்கள் நாம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். கல்லூரி மாடிப்படியில் நான் உருண்டபோது எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "வாரேனுங்க" என்று படிக்கட்டிடம் விடைபெற்றுக்கொண்டு வந்ததாகத் தோழிகள் சொல்வார்கள். இப்படிப்பட்டவர்களிடம் நீ எப்போது, எங்கே, எதனால் விழுந்தாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வார்கள்? ஆகவே உங்கள் சட்டத்தோடு நான் ஒன்றைச் சேர்த்தேன். விழுந்ததை உள்ளபடி சொல்கிறவர் மறுநாள் காலைப் பலகாரம் என்ன என்பதைத் தீர்மானிக்கலாம்.

அதற்குப் பிறகு இல்லத்தில் விழாதவர்களே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து பூரி. எண்ணெய்ச் சட்டியோடு ராசாத்தாள் என் அறை வாசலில் வந்து நின்று, "ஏனுங்க்கா, இவங்க உழுகறதுக்கெல்லாம் நான் மாவு பெசையோணுமா? நானும் உழுந்துபோட்டேன்னு சொல்றேன், நாளைக்கு அடுப்பே பத்தவெக்க வேண்டாம்" என்றாள். நாலாவது நாள் மாரப்பன் தடியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"நேத்து கெனாவுல கெணத்துக்குள்ள உழுந்துபோட்டேனுங்க்கா. பூரி."

"கனவெல்லாம் கணக்குல வராது மாரப்பன்."

"நெசமாவே இடுப்பு வலிக்குதுங்க. செரி, பூரி வேண்டாம். உப்புமாவாச்சும்?"

கனவுகளைத் தள்ளிவிட்டு நிஜங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள்; இடத்தை மட்டும் சொல்லவில்லை. "எங்க விழுந்தீங்க?" என்றால் "கீழதானுங்க" என்றார் யூனுஸ். "தரையிலதானுங்க" என்றார் இன்னொருவர். ஆகாயத்தில் விழவில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று. கடைசியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி எம்பிராய்டரி போடும் உம்மல் குல்சும் அக்காதான், ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, எல்லாரும் உழுகறது ஒரே எடத்துலதான். அது எந்த எடம்னு எங்க வாயால சொல்லமாட்டோம். அய்யா மனசு நோகக் கூடாது. நீங்களே வாசல்ல போயி நின்னு குனிஞ்சு பாருங்க. எதுல உங்க மூஞ்சி தெரியுதோ, அதேதான்."

போய்க் குனிந்து பார்த்தேன். என் முகம், நெற்றிப் பொட்டு உட்பட, தெளிவாகத் தெரிந்தது. சித்திரையில் சின்னம்மா நினைவாக, படியேற முடியாதவர்களுக்காக, நீங்கள் நின்று பார்த்துப் போட்டுக் கொடுத்த சரிவுப் பாதைதான் சித்தப்பா. கறுப்பு கிரானைட், பாலிஷ் போட்டது. வெயில் நாளில் பேரழகு. ஆனால் இப்போது தினமும் பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் வருகிறது. ஈரம் பட்டால் அந்தக் கல்லில் எறும்புகூட யோசித்துத்தான் இறங்கும். உம்மல் குல்சும் அக்கா பிரேக்கைப் பிடித்தபடியே வழுக்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்புறம் நசுருதீன் பாய் டீக்கடையில் போய்த்தான் நின்றிருக்கிறார். "வந்ததே வந்தோம்னு ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தேன்" என்கிறார். இது பல தடவை நடந்திருக்கிறது. அவர் வாசலுக்கு வருவதைப் பார்த்தாலே பாய் பாலை அடுப்பில் ஏற்றுகிறாராம். இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். போன வாரம் அவர் வழுக்கிய நேரத்தில் டவுன் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றதாம். டிரைவர் இறங்கி வந்து நாற்காலியைத் திருப்பி, உள்ளே தள்ளிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அக்காவும் சிரிக்கவில்லை. எல்லா டிரைவரும் அப்படிப் பிரேக் போடுவார்களா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதக் கை கூசுகிறது. ஆனால் சட்டம் உங்களுடையது. ஆனி மாதம் நீங்கள் வந்திருந்தபோது அந்தப் பாதையில் வழுக்கி, வேட்டியோடு உட்கார்ந்துவிட்டீர்கள். அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தோம். அத்தனை பேரும் தென்னை மரத்தைப் பார்த்தோம். நீங்கள் கல்லைத் தடவிக்கொடுத்து, "சூடு ஏறுதான்னு பாத்தேன் கண்ணு" என்றீர்கள். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வெயிலுங்க சித்தப்பா" என்றேன். மாரப்பன்கூட, "இன்னைக்குக் கொஞ்சம் வெயில் ஜாஸ்திதானுங்க" என்றார். அவர் தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கல்லின் வழவழப்பைப் போக்க உத்தரவு தர வேண்டும். எடுத்துவிட்டுச் சிமெண்ட் போடலாம், அல்லது வேறு ஏதாவது செய்யலாம். பக்கத்துச் சுவரில் இருக்கும் சின்னம்மா பெயர் அப்படியே இருக்கும். நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு சின்னம்மாவையே நினைத்துப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் குளியலறையில் யாரும் வழுக்கக் கூடாதென்று சாக்கை மடித்துப் போட்டுவைத்தவர் அவர். வந்த சம்பந்தி வீட்டார் சாக்கைப் பார்த்து முகம் சுளித்தபோதும் எடுக்கவில்லை. அவர் இருந்திருந்தால் திறப்பு விழாவன்றே இந்தக் கல்லின் மேலும் சாக்கு விரித்திருப்பார். உங்கள் பதில் வரும்வரை கல்லை யாரும் தொட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

மற்றபடி இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. யூனுஸ் கை ஆறிவருகிறது. ராசாத்தாள் இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறாள், கண்ணுக்குத் தெரியவில்லை. சசிதருக்கும் சைத்ராவுக்கும் என் ஆசிகள். உங்கள் முழங்காலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசியையும், அதைவிட அவசரமாக உங்கள் உத்தரவையும் எதிர்பார்த்திருக்கும்,

மகள்
ராமாமணி

பி.கு.: மேலே கேட்ட உத்தரவு இனி வேண்டியதில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கத் தபாலாபீசுக்கும் அப்படியே டவுனுக்கும் போய்ச் சாயந்திரம் வருவதற்குள், "அம்மி கொத்தறதுங்கோ, ஆட்டாங்கல்லு கொத்தறதுங்கோ" என்று தெருவில் ஒருவர் போயிருக்கிறார். உம்மல் குல்சும் அக்கா, "ஏனுங்க, இங்க பெரிய அம்மி ஒண்ணு இருக்குதுங்க" என்று கூப்பிட்டுவிட்டார். நான் திரும்பி வரும்போது முக்கால்வாசி கொத்தியாகிவிட்டது. அம்மி கொத்துகிறவர் தம் வழக்கம் விடாமல் நடுவில் ஒரு பூவும் போட்டிருக்கிறார். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" என்று சத்தம் போட வாயைத் திறந்தேன், "சொன்னவங்களைத் திட்டக் கூடாதுன்னு அய்யா எழுதியிருக்காருங்க்கா, நாங்க சொல்லிப்போட்டோம்" என்றார் யூனுஸ். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு அக்காவை இறங்கவிட்டோம். பாதியில் பிரேக்கைப் பிடித்தார். நாற்காலி அங்கேயே நின்றது. நின்ற இடத்திலிருந்தே, "நசுருதீனு, இனி டீ இங்க வரோணும்!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

இப்போது இல்லத்தில் விழுந்த அத்தனை பேரும் சொல்லியாகிவிட்டது. நீங்கள் ஒருவர்தான் பாக்கி. காலைப் பலகாரத்துக்குச் சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றினால் உங்களுக்குப் பிடிக்கும் என்று ராசாத்தாளுக்குத் தெரியும். அரிசி ஊறப்போடட்டுமா என்று கேட்கிறாள். ஒரு வரி எழுதினால் போதும்.