மடிப்பு சார் அளந்த மரக்கால்

என்னைவிடப் பெரிய முட்டாளைத் தஞ்சாவூர் ஜில்லா பார்த்ததில்லை. ஆதாரம் இருக்கிறது. அறுவடைக் கூலித் தகராறில் கீழ்வேளூர் வட்டாரம் முழுக்கப் போலீஸ் லாரிகள் நின்றிருந்த சமயத்தில், "பெட்டியில என்னய்யா?" என்று கேட்ட சப்-இன்ஸ்பெக்டரிடம், "தலைங்க" என்று பணிவாகப் பதில் சொன்னவன் நான்.

அந்தத் தலை என் மடிக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால், முதலில் மடிப்பு சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உலகத்தில் யாரையும் முகம் பார்த்துப் பேசாத ஒரே மனிதர் அவர்தான். எதிரே யார் வந்தாலும் அவர் பார்வை புருவத்தைத் தாண்டி மேலே ஏறிவிடும். எங்கள் ஊரில் ஒருவரை எடைபோட, எத்தனை வேலி நிலம் என்று கேட்பார்கள். கோட்டையில் ஆட்சி மாறிய பிறகு, எந்தக் கட்சி என்று கேட்க ஆரம்பித்தார்கள். மடிப்பு சாருக்கு இரண்டும் அநாவசியம். உள்ளே எவ்வளவு மடிப்பு என்பதுதான் அவர் கவலை.

மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு வாத்தியார் அவர். நான் அவருடைய டைப்பிஸ்ட். மூளை என்பது பெரிய வேட்டியைச் சின்னப் பெட்டிக்குள் திணித்த சமாச்சாரம், திணித்ததால்தான் அத்தனை மடிப்பு, விரித்தால்தான் எவ்வளவு துணி என்று தெரியும் என்று எனக்கு முதல் நாளே விளக்கினார். விரிப்பதற்கு அவர் கண்டுபிடித்திருந்த வழி, சிகரெட் பெட்டியின் உள்ளே இருக்கும் ஈயத்தாள். அதை மூளையின் ஒவ்வொரு பள்ளத்திலும் விரலால் அழுத்தி ஒட்டுவார். பிறகு உரித்து, நீவி, கட்டம் போட்ட தாளில் பரப்பி அளப்பார்.

இதில் ஒரு சிக்கல். அவருக்குப் புகைப்பழக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது. வேலையில் சேர்ந்த பிறகுதான், விஞ்ஞானத்தின் பொருட்டு, நான் பழகிக்கொண்டேன்.

"என்னப்பா, நேத்து ஒரு பாக்கெட்டுதானா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கரிசனமாக விசாரிப்பார். ஒரு பெரிய மூளை வந்த வாரத்தில் நான் இருமிய இருமலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

ஒரு முறை கல்லூரிப் பெரியவர் ஒருவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எல்லோரும் வரிசையில் நின்று தம்பதிக்கு நமஸ்காரம் செய்தோம். சாரின் முறை வந்தது. மாலையும் கழுத்துமாக நின்றவரின் நெற்றியைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுச் சொன்னார்:

"அறுபது ஆயிடுச்சு. இனிமே எப்ப வேணும்னாலும் உயிர் போகலாம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டீங்கன்னா நானே பெட்டியோட வந்துடுவேன்."

பக்கத்தில் மாலையோடு நின்ற அவர் மனைவி மயக்கம் போட்டு விழுந்தார். சார் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த ஜாங்கிரியைச் சாப்பிடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கவாட்டுல மடிப்பு பத்தாது" என்பது அவர் தீர்ப்பு.

இன்னொரு நாள் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் துண்டு பறக்க வந்தார். மறுநாள் பொதுக்கூட்டமாம்.

"உலகத்துலயே தமிழன் மூளைதான் பெரிசுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுக்கணும் சார்."

"பெரிசு இல்லீங்க" என்றார் சார். "ஓங்கிலுக்குப் பெரிசு."

"அது எந்த நாட்டுக்காரன்?"

"கடல்ல இருக்கு, இங்கிலீஷ்ல டால்பின்னுவாங்க. மீன் மாதிரி. ஆனா குட்டி போட்டுப் பால் குடுக்கும். நம்மளவிட மூளையும் பெரிசு, மடிப்பும் ஜாஸ்தி. மூளையோட மேல் தோல் மட்டும் மெல்லிசு."

பிரமுகர் யோசித்தார். "எந்தக் கடல்ல?"

"நாகப்பட்டினத்துல கூட வரும்."

"அப்ப நம்ம கடல்தானே! தமிழ் ஓங்கில்!" என்று எழுந்தவர், சாரின் கையைக் குலுக்கிவிட்டு மகிழ்ச்சியாகப் போனார்.

அந்த ஓங்கில்தான் சாரின் தீராத ஏக்கம். புத்தகத்தில் படித்ததோடு சரி, கையால் அளந்ததில்லை. மனித மூளைகள் வரிசையாக மிதக்கும் அலமாரியில் ஒரு காலி ஜாடி, 'ஓங்கில்' என்று சீட்டு ஒட்டி, நான் சேருவதற்கு முன்பிருந்தே காத்திருந்தது. அதில் நான் குடையை வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு தை மாதம், கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு பங்குச் சாமியார் போன் செய்தார். கரையில் ஓங்கில் ஒன்று ஒதுங்கி, அப்போதுதான் செத்திருக்கிறது. சார் போனை வைக்காமலே எழுந்துவிட்டார். என் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய டிரங்குப் பெட்டி, உமி, அளவு ஜாடி, எல்லாவற்றையும் கல்லூரி வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். மீன் கம்பெனியில் ஐஸ் வாங்கி, தலையை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்தோம்; பெட்டி என் மடியில்.

"இப்பவே மருந்துத் தண்ணியில போட்டுடலாமே சார்?" என்றேன்.

"போட்டா கனமும் கொள்ளளவும் மாறிடும். பச்சையா அளந்தாத்தான் அளவு. ஐஸ் உருகறதுக்குள்ள போயிடணும்."

கீழ்வேளூர் தாண்டியதும் வேன் நின்றது. சாலை நிறைய ஆட்கள், செங்கொடி. ஓரத்துக் களத்தில் நெல் அம்பாரமாகக் கிடந்தது, அளக்க ஆளில்லை. எதிர்ப்பக்கம் போலீஸ். அப்போதுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். "யாரோடதுய்யா?"

நான் பயத்தில், "இப்பதாங்க வெட்டினோம்" என்றேன்.

துப்பாக்கிகள் தோளிலிருந்து இறங்கின. சார் மட்டும் நிதானமாகப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஓங்கிலுக்குச் சிரித்த முகம். ஐஸுக்குள்ளிருந்து அது எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. மறியலில் முன்னால் நின்ற அஞ்சலை என்ற நடவுக்காரி எட்டிப் பார்த்து, "ஐயே, படிக்கிற காலேஜுப் பண்டம். வழி விடுங்க, நாறிடப் போவுது" என்றாள். கூட்டம் பிளந்து வழி விட்டது. டிரைவர் வேனைக் கிளப்பிவிட்டார்.

"என்னம்மா தகராறு?" என்று சார் ஜன்னல் வழியாகச் சும்மா கேட்டார்.

"களத்து நெல்ல அளக்கிற மரக்கா பெரிசுங்க. எங்களுக்குக் கூலி அளக்கிற மரக்கா சின்னது. கேட்டா அடிக்க வர்றாங்க."

சார் வேனிலிருந்து இறங்கிவிட்டார்.

"சார், ஐஸ் உருகுது" என்றேன். காதில் விழவில்லை.

மிராசுதாரின் காரியஸ்தர் இரண்டு இரும்பு மரக்கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நல்லாப் பாருங்க. ஒரே உயரம், ஒரே வாய். இதுங்களுக்குத் திமிரு."

"வெளிய பாத்து மண்டையை அளக்கக் கூடாதுங்க" என்றார் சார். "உள்ள என்ன கொள்ளுதுன்னு பாக்கணும்."

அளவு ஜாடியை எடுத்துவரச் சொன்னார். வாய்க்கால் தண்ணீரைக் களத்து மரக்காலில் விளிம்புவரை நிரப்பி, ஜாடியில் கொட்டிக் கொட்டி அளந்தார். அப்புறம் கூலி மரக்கால். ஒரு டம்ளர் குறைந்தது.

"நெல்லைக் கோபுரமா அளப்போம். அதுல சரியாப் போயிடும்" என்றார் காரியஸ்தர்.

"தண்ணியைக் கோபுரமா அளக்க முடியலைங்களே" என்றார் சார், உண்மையான வருத்தத்தோடு.

"உங்க ஜாடி எந்தக் கட்சி ஜாடி?"

வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். சார் அதை நியாயமான ஆட்சேபணையாக எடுத்துக்கொண்டார். ஜாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து அளந்தார். பிறகு ஜாடியைச் சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து அவரை அளக்கச் சொன்னார். பிறகு காரியஸ்தரையே அளக்கச் சொன்னார். போலீஸும் செங்கொடியும் தோளோடு தோள் உரசிக் குனிந்து, ஜாடியின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஐஸ் உருகுது" என்றேன். பெட்டியின் மூலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இரு. ஒரு தரம் அளந்தா அளவு இல்ல."

கடைசியில் சார் கூலி மரக்காலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். உள்ளே அடித்தகட்டின் மேல் இன்னொரு தகடு. சப்-இன்ஸ்பெக்டர் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் வானத்தைப் பார்த்தார். "களத்து மரக்காலாலயே கூலியும் அளய்யா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அஞ்சலை முன்னால் வந்தாள். முந்தானையால் எங்கள் ஜாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

தஞ்சாவூர் வந்து பெட்டியைத் திறந்தபோது தலையைச் சுற்றி ஐஸ் இல்லை, உமியும் தண்ணீரும்தான் இருந்தன. சார் மண்டையைத் திறந்தார். கேழ்வரகுக் கூழ் பார்த்திருப்பீர்கள். அதுதான். அழுத்தி ஒட்ட மடிப்பும் இல்லை, பள்ளமும் இல்லை.

சார் கை கழுவிவிட்டு வந்து, காலி ஜாடியை அலமாரியில் சீட்டு தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் எப்படி முட்டாள்?

"ஒரு டம்ளர் நெல்லுக்காகவா சார்?"

"ஒரு டம்ளர் இல்லப்பா. ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு டம்ளர்."

அன்று முதல் அவர் என்னிடம் ஈயத்தாள் கேட்கவில்லை. நானும் சிகரெட்டை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. தினமும் ஒரு தாளை நீவி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைத் தொடாமலே வகுப்புக்குப் போவார்.

ஆடி மாதம், நாகப்பட்டினத்து மீன் லாரி ஒன்று கல்லூரி வாசலில் வந்து நின்றது. பின்னாலிருந்து அஞ்சலை இறங்கினாள். அவளும் இன்னும் நாலு பேருமாகச் சேர்ந்து, நெல் அள்ளுகிற பெரிய கூடை ஒன்றை இறக்கினார்கள். வைக்கோல், உமி, அதன்மேல் கோணிச் சாக்கு. நடுவில் ஐஸ். ஐஸுக்குள் அதே சிரிப்பு. அவள் தங்கையைக் கடற்கரைக் குப்பத்தில் கொடுத்திருக்கிறதாம். ஓங்கில் ஒதுங்கினால் ஆள் அனுப்பச் சொல்லித் தையிலிருந்தே சொல்லி வைத்திருந்தாளாம்.

மடிப்பு சார் படியிறங்கி வந்தார். கூடையைப் பார்த்தார். பிறகு, என் ஞாபகத்தில் முதன்முதலாக, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

எனக்குத்தான் வாய் நிற்காதே. "ஏம்மா, அன்னிக்கு அவரு அளந்து குடுத்ததுக்கா இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வந்தீங்க? சார் மேல அவ்வளவு பிரியமா?" என்று கேட்டேன்.

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐஸ் உருகுது, அவர அளக்கச் சொல்லுங்க."