தேசப்பன் மாமாவுக்கு வந்த ஆபரேஷன்

“…மைக்கைத் தொடாத. என் காதுல மட்டும் சொல்லு. இந்த வாட்டி எந்த தேசப்பனுக்கு?” என்றார் மாமா.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அது இரண்டாவது மெயில். முதல் மெயிலை நான் கோயில் மைக்கில் வாசித்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பழவேற்காடு பஜாரில் ஒரு ரீசார்ஜ் கடையில் வேலை. முதலாளி டீ குடிக்கப் போகும் நேரங்களில் தட்டித் தட்டி நானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். (கற்றுக்கொண்டதாக நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) எங்கள் குப்பத்துக்கே ஒரு மெயில் முகவரி உண்டாக்கியதும் நான்தான். எல்லையம்மன் பெயரைப் போட்டு, பின்னால் நாலு எண்களைச் சேர்த்தேன். கேஸ் சிலிண்டரா, காலேஜ் விண்ணப்பமா, யார் எதை நிரப்பினாலும் அந்த முகவரிதான்.

மெயில் வந்தால் மைக்கில் அறிவிப்பேன். காற்று எப்படி அடிக்கும், ஏரியில் இன்றைக்கு யாருக்குப் பாடு என்பதெல்லாம் அந்த மைக்கில்தான் வரும். (பாடு என்றால் முறை. இறால் நன்றாக விழும் இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று எங்களுக்குள் ஏற்பாடு உண்டு. தவறவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.) அவற்றுக்கு நடுவே என் மெயில் செய்திகள். கலெக்டர் பேசுகிற மாதிரி பேசுவேன். ஒருவராவது ‘போதும், இறங்கு’ என்று சொல்லியிருக்கலாம்.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம்தான் என் போனுக்கு டவர் கிடைக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அங்கே நின்றபோது, சென்னையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வந்தது. திரு. தேசப்பனுக்குப் பித்தப்பைக் கல்லை எடுக்க வியாழக்கிழமை காலை ஆபரேஷன். முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. துணைக்கு ஒருவர் வரலாம்.

எங்கள் குப்பத்தில் தேசப்பன் என்றால் என் அம்மாவின் தம்பி ஒருவர்தான். போன மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில், புளித்த ஏப்பம் வருகிறது என்று டாக்டரிடம் வயிற்றைக் காட்டியவர். அவருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததும் நான். பிறகென்ன சந்தேகம்? நேராக மைக்குக்குப் போனேன்.

“தேசப்பன் மாமா கவனத்திற்கு! உங்கள் வயிற்றில் கல் இருக்கிறது. வியாழக்கிழமை காலை அறுக்கிறார்கள்.”

தண்ணீருக்கு மேல் சத்தம் தூரம் போகும். மாமா அப்போது ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாராம். கையிலிருந்த வலையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம்.

அவர் கரையேறுவதற்குள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் வந்து அவரவர் தழும்பைக் காட்டினார்கள்.

“வலியே தெரியாது தேசப்பா. முழிச்சிக்கினப்புறந்தான் வலி,” என்றார் ஒருவர்.

“எனக்கு இப்பவும் வலி இல்லியே!” என்றார் மாமா பரிதாபமாக.

“வலி இல்லன்னாதான் டேஞ்சரு மாமா,” என்றேன் நான். (இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.)

“வியாழக்கெழம என் பாடுமே! எத்தினி நாளா காத்துக்கினு கீறேன்!”

“வயித்துல கல்ல வெச்சிக்கினு இறால் புடிக்கப் போறியா?” என்று அத்தை அழ ஆரம்பித்தாள். மாமா தன் பாட்டை என் நைனாவுக்கு விட்டுக்கொடுத்தார். சொத்தை எழுதிவைக்கிறவர் போலச் சொன்னார். “மேக்கால இருக்கற வலைக் கழிய மட்டும் ஆழமா ஊனு மச்சான்.”

துணைக்கு ஒருவர் வரலாம் என்றிருந்தது மெயிலில். மீன் ஏற்றும் குட்டியானை வண்டி நிறையப் போனோம்.

பெயரைச் சொன்னதும் மாமாவுக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். பின்பக்கம் வெறும் நாடாதான். வாழ்நாளெல்லாம் கோவணத்தோடு ஏரியில் நின்றவர், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்.

நர்ஸ் ஃபைலைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். “வயசு எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே?”

“உப்புக்காத்துல இருக்கறவரு சிஸ்டர். வயசு தெரியாது,” என்றேன்.

“சர்க்கரை வியாதின்னும் இருக்கு.”

“இருக்கும் சிஸ்டர்.”

“இன்னாது?” என்றார் மாமா.

“ஸ்கேன் எங்க?”

“நீங்கதான் தொலைச்சிருப்பீங்க! தேதி குடுத்துட்டு இப்ப மாட்டேன்னா எப்படி? மனுசன் ராத்திரிலேர்ந்து பட்டினி!” என்று குரலை உயர்த்தினேன். சொந்த மாமாவின் வயிற்றை அறுத்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்ட ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன்.

நர்ஸ் ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெரியவர் பேசினார். ஆமாம், தேசப்பன்தான். மீஞ்சூர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபரேஷனா, இன்றைக்கா? “யாரும் சொல்லலியேம்மா. இட்லி, வடகறி சாப்ட்டுக்கினு இருக்கேன்.”

அவருடைய மெயில் முகவரியிலும் எங்கள் எல்லையம்மன்தான் இருந்தாள். ஓர் எண்தான் வித்தியாசம். அந்த எண்ணில் யாருக்கோ விரல் தவறியிருக்கிறது.

கல் உள்ளவர் சாப்பிட்டாயிற்று. பட்டினி கிடந்தவருக்குக் கல் இல்லை. அன்றைக்கு யாருக்கும் ஆபரேஷன் நடக்கவில்லை.

திரும்பும்போது அத்தை மீஞ்சூரில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். “நம்மால ஒருத்தரு ஆபரேஷன் நின்னுபோச்சு. ஒரு வார்த்த சொல்லாம போறதா?” பெரியவர் தனியாகத்தான் இருந்தார். எங்களைத் திட்டவில்லை. மிச்சமிருந்த இட்லியை மாமாவுக்கு வைத்தார். மாமா தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தால், மாமாவின் பாடு நாளில் நைனாவுக்குக் கூடை கூடையாக இறால் விழுந்திருந்தது. மாமா கூடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது மெயில் வந்த பிறகுதான் மறுபடி வாய் திறந்தார். முகவரியைத் திருத்திவிட்டோம் என்று சொன்ன அதே ஆஸ்பத்திரி, மறுபடியும் எங்கள் முகவரிக்கே அனுப்பியிருந்தது.

“மீஞ்சூர் தேசப்பனுக்கு மாமா,” என்றேன். “நாளைக்குக் காலையில. ராத்திரிலேர்ந்து சாப்பிடக் கூடாது.”

“போன் போடு.”

போட்டேன். பெரியவர் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் “சரிம்மா, சரிம்மா” என்றார். சொல்லும்போதே எதையோ மென்றுகொண்டிருந்தார். முறுக்காக இருக்கலாம். மாமா போனை வாங்கிக் காதில் வைத்து, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டார்.

“இந்த ஆளு கண்டிப்பா துன்னுடுவாரு,” என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டுமென்றால், “மாமாவக் கூப்ட்டுப் பக்கத்துல குந்த வெக்கட்டுமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஏனென்றால் அன்று மாலை மாமா சட்டையை மாட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் பஸ் ஏறினார். அந்தப் பெரியவர் வீட்டுச் சமையலறை வாசலை மறித்துக் குந்திக்கொண்டார். காலையில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை, தானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.